தேய்ந்த பாகம் சொல்லாத அளவு

கொல்லிமலையில் மிளகுக் கொடி படர்ந்த மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள் வளர்வதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பழத்தைப் பறித்து, தோல் நீக்கி, உலர்த்தி, வறுத்து, அரைத்த பின் எஞ்சுவது ஒரே வேலைதான். பொடியிலுள்ள சுவையும் மணமும் வெந்நீரில் இறங்க வேண்டும். நம் வீட்டுக் காப்பி ஃபில்டரில் இந்த வேலையைப் புவியீர்ப்பு விசை செய்கிறது. மேல் பாத்திரத்தில் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால், அது பொடியின் மேல் தரும் அழுத்தம் சுமார் 490 பாஸ்கல். ஆகவேதான் டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது.

இதே வேலையை 25 அல்லது 30 விநாடிகளில் முடிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. அதுவே எஸ்பிரெசோ இயந்திரம். (நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் நீராவியால் நுரைக்கச் செய்த பால் காப்பி, அது வேறு.) உண்மையான எஸ்பிரெசோவில், மிக நுண்ணிய பொடியின் ஊடே வெந்நீரைச் சுமார் 9 பார், அதாவது 9 லட்சம் பாஸ்கல் அழுத்தத்தில் தள்ளுகிறார்கள். ஃபில்டரில் உள்ளதைப் போல இது 1,800 மடங்கு! 90 மீட்டர் உயரமுள்ள ஒரு குழாயை நிமிர்த்தி நிறுத்தி, அதில் நீரை நிரப்பினால் அடியில் என்ன அழுத்தம் இருக்குமோ, அதுதான் இது. கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவியின் உயரம் ஏறத்தாழ 300 அடி என்பார்கள். அந்த அருவியின் உயரத்துக்கு நிற்கும் நீர்க்கம்பத்தை மனக்கண்ணால் பாருங்கள். அதன் அடியில் இருக்கும் அழுத்தத்தை ஒரு மனிதர் கையால் உண்டாக்குகிறார், ஒரு நெம்புகோலைக் கொண்டு!

இத்தகைய பழைய நெம்புகோல் இயந்திரம் ஒன்றைச் செப்பனிடும்போது, கடையில் கிடைக்காத பாகங்களை எப்படிச் செய்துகொள்வது என்பதையே இக்கட்டுரையில் காணப் போகிறோம். காப்பி குடிக்காதவர்களும் படிக்கலாம். இதில் வரும் இயற்பியல், அடிபம்புக்கும் சைக்கிள் பம்புக்கும் அப்படியே பொருந்தும்.

இயந்திரம் வேலை செய்யும் விதம்

நீராவியின் துணையால் காப்பி இறக்கும் இயந்திரத்துக்கு 1884-இல் இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்செலோ மோரியோண்டோ என்பவர் காப்புரிமை பெற்றார். 1901-இல் மிலான் நகரின் லூயிஜி பெஸ்ஸெரா அதை மேம்படுத்தினார். ஆனால் இவற்றில் கொதிகலனின் நீராவியே நீரைத் தள்ளியது. ஆகவே அழுத்தம் 2 பாரைத் தாண்டுவது அரிது. அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமானால் கொதிகலனை மேலும் சூடாக்க வேண்டும். சூடு கூடினால் காப்பி தீய்ந்து கசக்கும். அழுத்தமும் வெப்பநிலையும் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடந்தன.

இந்தக் கட்டை அவிழ்த்தவர் மிலானைச் சேர்ந்த அக்கில்லே காஜா. 1938-இல் ஒரு காப்புரிமையும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947-இல் நெம்புகோலும் சுருள்வில்லும் கொண்ட அமைப்புக்கு மற்றொரு காப்புரிமையும் பெற்றார். அவர் செய்தது இதுதான்: சூடாக்கும் வேலையைக் கொதிகலனுக்கும், அழுத்தும் வேலையைச் சுருள்வில்லுக்கும் பிரித்துக் கொடுத்தார்.

நெம்புகோலைக் கீழே இழுத்தால் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறும். அதன்மேல் உள்ள வலுவான சுருள்வில் சுருங்கும். பிஸ்டன் மேலேறியதும் ஒரு துளை திறந்து, கொதிகலனிலிருந்து வெந்நீர் சிலிண்டருக்குள் வரும். பிறகு நெம்புகோலை விட்டால், சுருள்வில் விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். வெந்நீர் பொடிக்குள் புகுந்து வெளியேறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பிஸ்டனின் விட்டம் 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 19.6 சதுர செ.மீ. 9 பார் அழுத்தம் வேண்டுமானால் சுருள்வில் தர வேண்டிய விசை ஏறத்தாழ 1,760 நியூட்டன். இது 180 கிலோ எடைக்குச் சமம். நெம்புகோலின் நீண்ட புயம் 40 செ.மீ., குறும்புயம் 2.5 செ.மீ. எனில், இயந்திர லாபம் 16. உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், கை தர வேண்டிய விசை 110 நியூட்டன். சுமார் 11 கிலோ எடை. முக்கால் குடம் தண்ணீரைத் தூக்கும் முயற்சியில் இரண்டு மூட்டை அரிசியின் எடையைவிட அதிகமான விசை கிடைத்துவிடுகிறது!

"என்ன அளவு?"

1961-க்குப் பின் மின்சார பம்பு வைத்த இயந்திரங்கள் பரவின. நெம்புகோல் இயந்திரங்கள் குறைந்தன. பழைய தயாரிப்பாளர் பலர் தொழிலையே விட்டுவிட்டனர். எனவே அரை நூற்றாண்டுக்கு முந்திய ஓர் இயந்திரத்துக்கு இன்று வாஷரோ ஊசியோ வேண்டுமென்றால், பெரும்பாலும் அதைச் செய்துதான் ஆக வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒன்று நம் ஊர்களிலேயே இருக்கிறது. 1970-களில் யூனிசெஃப் நிறுவனத்தின் துணையோடு நம் நாட்டில் உருவான இந்தியா மார்க்-2 கைப்பம்பை எண்ணிப் பாருங்கள். அதுவும் நெம்புகோலும் பிஸ்டனும் வாஷரும் கொண்டதுதான். ஆனால் அதன் பாகங்கள் அனைத்துக்கும் தர அளவுகள் வகுக்கப்பட்டன. யார் செய்த வாஷரும் எந்த ஊர்ப் பம்புக்கும் பொருந்த வேண்டும் என்பது நோக்கம். அளவு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கேள்வி எழுவதில்லை. பழைய காப்பி இயந்திரத்துக்கோ எழுதி வைத்த அளவு நம் கையில் இல்லை.

தேவனூர் நாடு போன்ற மலைமேல் ஊரில் இத்தகைய இயந்திரம் பழுதானால், காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி நாமக்கல் வரை போக வேண்டியிருக்கும். அங்கே வேலைக்குக் குறைவில்லை. லாரி பாடி கட்டுவதற்குப் பேர்போன ஊர் அது. லேத் பட்டறைகள் பல உண்டு. கைதேர்ந்த கடைசல்காரர் எந்தப் பாகத்தையும் கடைந்து தருவார். ஆனால் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன அளவு?"

"இதோ பழைய பாகம், இதே போல் வேண்டும்" என்று சொல்லத் தோன்றும். அதுதான் தவறான விடை. பழைய பாகம் தேய்ந்ததால்தானே புதிது கேட்கிறோம்? தேய்ந்த பாகத்தை அளந்து அதன்படி செய்தால், புதிய உலோகத்தில் பழைய தேய்மானத்தை நகலெடுத்தவர்கள் ஆவோம். அப்படியானால் உண்மையான அளவை எப்படி அறிவது? பாகம் பாகமாகக் காண்போம்.

தானே இறுகும் வாஷர்

சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடையிலுள்ள வாஷர்தான் முதலில் பழுதாகும் பாகம். 9 பார் அழுத்தத்தில் நீர் கசியாமலும் இருக்க வேண்டும். பிஸ்டன் எளிதாக நகரவும் வேண்டும். மிக இறுக்கமாகச் செய்தால் நகராது. தளர்வாகச் செய்தால் கசியும். என்ன செய்வது?

இதே சிக்கல் 1795-இல் நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற ஜோசப் பிராமாவுக்கு ஏற்பட்டது. அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்ற இளைஞர் இதற்கு வழி கண்டார் என்று பொறியியல் வரலாறு கூறுகிறது. தட்டையான வாஷருக்குப் பதில், கிண்ணம் போல் வளைந்த தோல் வளையத்தை அவர் வைத்தார். கிண்ணத்தின் வாய் அழுத்தம் உள்ள பக்கம் நோக்கி இருக்கும். பாஸ்கல் விதிப்படி நீர் எல்லாத் திசைகளிலும் அழுத்துமல்லவா? அது கிண்ணத்தின் விளிம்பையும் சிலிண்டர் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. அழுத்தம் கூடக் கூட வாஷரும் கூடுதலாக இறுகுகிறது. அழுத்தம் இல்லாதபோது தளர்ந்து வழிவிடுகிறது. கசியப் பார்க்கும் நீரே கசிவை அடைக்கிறது!

உங்கள் சைக்கிள் பம்பிலுள்ள தோல் வாஷர் இதே வகைதான். நெம்புகோல் இயந்திரத்தின் பிஸ்டனிலும் இத்தகைய கிண்ண வாஷர்கள் இருக்கும். தோலுக்குப் பதில் ரப்பர். புதிதாக வார்க்கும்போதோ பொருத்தும்போதோ கவனிக்க வேண்டியது திசை. வாயைத் தலைகீழாக வைத்தால், நீர் விளிம்பைச் சுவரிலிருந்து விலக்கிவிடும். அளவு சரியாக இருந்தும் வாஷர் கசியும்.

கசிவு என்பது காப்பி கெடுவதோடு முடிவதில்லை. பிஸ்டனின் அடியில் நீரின் எதிர்ப்பு இருப்பதால்தான் நெம்புகோல் மெல்ல மேலே திரும்புகிறது. நீர் வாஷரைத் தாண்டி நழுவிவிட்டால், 180 கிலோ விசையும் தடையின்றி நெம்புகோலை மேலே வீசும். எதிரில் நிற்பவரின் தாடை உடையவும் கூடும். சிறிய வாஷருக்கு இவ்வளவு பொறுப்பு இருக்கிறது.

சரி, அளவு? சிலிண்டருக்கும் கைப்பிடிக் கிண்ணத்துக்கும் இடையில் வைக்கும் சாதாரண வளைய வாஷரை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகள் அழுந்திக் கிடந்த ரப்பர் தன் மீள்தன்மையை இழந்து, தட்டையாகி, கல்லாகி இருக்கும். அதை அளப்பதில் பயனில்லை. அது அமர்ந்திருந்த பள்ளத்தை அளக்க வேண்டும். உலோகப் பள்ளம் அழுந்தவில்லை. அது பழைய அளவை அப்படியே காத்து வைத்திருக்கிறது. மூடிய நிலையில் பள்ளத்தின் ஆழம் 4 மி.மீ. என்றால், 5 மி.மீ. தடிப்புள்ள வளையம் அதில் 20 சதவீதம் அழுந்தி நன்றாக அடைக்கும். மற்றொன்றும் நினைவிருக்கட்டும்: ரப்பர் வடிவம் மாறுமே தவிர, அதன் கன அளவு அநேகமாக மாறாது. மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கும். எனவே வளையத்தைவிடப் பள்ளம் சற்று அகலமாக இருக்க வேண்டும். இடமே இல்லாவிட்டால் கைப்பிடி மூடாது.

பொருளும் முக்கியம். சைக்கிள் டியூபை வெட்டி வைக்கலாமே என்று தோன்றும். கூடாது. 100 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் அது விரைவில் கெட்டுவிடும். அதில் சேர்த்துள்ள பொருள்கள் உணவில் சேரத் தக்கவை அல்ல. உணவுத் தரமுள்ள சிலிக்கோன் ரப்பர், ஈ.பி.டி.எம். ரப்பர் ஆகியவை ஏற்றவை. ஈ.பி.டி.எம். ரப்பர் நீராவியை நன்கு தாங்கும். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும். ஆகவே கிரீஸும் உணவுத் தரமுள்ள சிலிக்கோன் கிரீஸாக இருக்க வேண்டும்.

ஊசியும் திருகு அளவியும்

நெம்புகோல் சுழலும் அச்சில் ஓர் எஃகு ஊசி இருக்கும். அதில் ஒவ்வொரு முறையும் விசை ஒரே பக்கத்தில் விழுவதால், ஊசி வட்டமாகத் தேயாமல் ஒரு புறமாகத் தேயும்.

உங்கள் பள்ளி ஆய்வகத்திலுள்ள திருகு அளவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. ஊசியை நடுவில் அளந்தால் 9.72 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் 90 டிகிரி திருப்பி அளந்தால் 9.91 வருகிறது. இரண்டும் வேறுபடுவதே தேய்மானத்துக்குச் சாட்சி. இப்போது ஊசியின் நுனியை, அசையாமல் துளைக்குள் செருகிக் கிடந்த பகுதியை அளவுங்கள். 9.99 மி.மீ., எப்படித் திருப்பினாலும் அதே அளவு. விடை கிடைத்துவிட்டது: வடிவமைத்தவர் மனத்தில் இருந்தது 10 மி.மீ. ஊசி! தேயாத இடம்தான் பாகத்தின் நினைவு.

ஊசி தேய்ந்திருந்தால் அது நுழையும் துளையும் தேய்ந்திருக்கும். புதிய 10 மி.மீ. ஊசியை நீள்வட்டமாகிப் போன துளையில் போட்டுப் பயனில்லை. துளையைச் சற்றுப் பெரிதாக வட்டமாகக் கடைந்து, அதற்குள் வெண்கல புஷ் ஒன்றை அடித்து, அந்தப் புஷ்ஷில் 10 மி.மீ. துளையிடுவார்கள். எஃகைவிட வெண்கலம் மென்மை. இனித் தேய வேண்டியது அதுவே. மலிவான புஷ் தேய்ந்து, விலையுயர்ந்த நெம்புகோலைக் காக்கும்.

அளப்பதற்கு முன் சுத்தம் செய்யவும் மறக்கக் கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீரின் சுண்ணாம்புப் படிவு பாகத்தின் மேல் ஒட்டியிருக்கும். நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் ஊற வைத்தால் அது நுரைத்துக் கரையும். இல்லையேல் பாகத்துக்குப் பதிலாகப் படிவை அளந்துகொண்டிருப்போம்.

ஏமாற்றும் மரை

குழாய் இணைப்பின் மரை பழுதாகிவிட்டது. வெளி விட்டத்தை அளந்தால் ஏறத்தாழ 16.6 மி.மீ. "16 மி.மீ. திருகுதான், கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது" என்று நினைப்பது இயல்பு. ஆனால் இது மூன்றெட்டு அங்குலக் குழாய் மரை! மூன்றெட்டு அங்குலம் என்றால் 9.5 மி.மீ. அல்லவா? ஆம். ஆனால் அந்தப் பெயர், பழைய காலக் குழாயின் உள்துளையைக் குறித்தது. வெளியே வெட்டிய மரையின் விட்டம் 16.66 மி.மீ.

இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் திருகு மரைகளுக்கு ஒரே முறையை வகுக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். மேலே கண்ட மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை கற்றவர் அவர். அவர் வகுத்த மரையின் கோணம் 55 டிகிரி. மெட்ரிக் மரையின் கோணமோ 60 டிகிரி. இத்தாலிய இயந்திரமானாலும் அதன் நீர்க்குழாய் இணைப்புகளில் அந்த ஆங்கிலேயரின் மரை இருப்பது வழக்கம். நம் வீட்டுக் குடிநீர்க் குழாய்களில் உள்ளதும் அதுவே.

எப்படி அடையாளம் காண்பது? மரைகளை எண்ண வேண்டும். மூன்றெட்டு அங்குல மரையில் ஓர் அங்குலத்துக்கு 19 புரிகள். புரியிடைத் தூரம் 1.337 மி.மீ. 16 மி.மீ. மெட்ரிக் திருகில் இது 2 மி.மீ. அல்லது 1.5 மி.மீ. இருக்கும். ஒரு புரியை மட்டும் அளந்தால் 1.337-க்கும் 1.5-க்கும் வேறுபாடு தெரியாது. பத்துப் புரிகளைச் சேர்த்து அளவுங்கள். 13.4 மி.மீ.யா, 15 மி.மீ.யா என்பது சாதாரண அளவுகோலிலேயே தெரிந்துவிடும். ஊசலின் பத்து அல்லது இருபது அலைவுகளுக்குச் சேர்த்து நேரம் எடுக்கிறோமே, அதே உத்திதான்.

நான்காம் படியின் விளையாட்டு

சுருள்வில் தளர்ந்துவிட்டால் புதிதாகச் சுற்ற வேண்டும். சுருள்வில்லின் விறைப்பு, கம்பியின் விட்டத்தின் நான்காம் படிக்கு நேர் விகிதத்திலும், சுருளின் விட்டத்தின் மூன்றாம் படிக்கும் சுருள்களின் எண்ணிக்கைக்கும் எதிர் விகிதத்திலும் இருக்கும்.

நான்காம் படி என்பது எவ்வளவு கடுமையான விதி என்று பாருங்கள். 6 மி.மீ. கம்பி தேவைப்படும் இடத்தில், கடையில் இருந்த 5.7 மி.மீ. கம்பியில் சுற்றியதாக வைத்துக்கொள்வோம். விட்டம் குறைந்தது 5 சதவீதமே. ஆனால் 0.95-இன் நான்காம் படி 0.81. விசை 19 சதவீதம் குறையும். 9 பார் தர வேண்டியது 7.3 பாரோடு நின்றுவிடும். 0.3 மி.மீ. என்பது மெல்லிய அட்டையின் தடிப்பு. இங்கே திருகு அளவி இல்லாமல் வேலை நடக்காது.

பழைய சுருள்வில்லை வெளியே எடுப்பதிலும் ஆபத்து உண்டு. பிஸ்டன் ஒரு முறை இறங்கும்போது சராசரி அழுத்தம் 7 பார், தள்ளப்படும் நீர் 49 மி.லி. எனில், செய்யும் வேலை அழுத்தம் பெருக்கல் கன அளவு; அதாவது 34 ஜூல். ஒரு கிலோ கல் 3.5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றல் இது. பிஸ்டன் அடியில் நிற்கும்போதும் வில் முழுமையாக விரிவதில்லை. ஆகவே இயந்திரம் அணைந்து, குளிர்ந்து கிடந்தாலும் வில்லினுள் ஆற்றல் உறங்கிக்கொண்டே இருக்கும். மூடியைத் திறந்தால் அது விழித்துக்கொள்ளும். நீண்ட திருகால் வில்லைப் பிடித்து, மரை மரையாகத் தளர்த்திய பிறகே எடுக்க வேண்டும். இது தேர்ந்த மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை; மாணவர்கள் தாமாக முயலக் கூடாது.

குளிர்ந்தபோது பொருந்தியது, சூட்டில் சிக்கியது

பித்தளை பிஸ்டனுக்குப் பதில், வழுவழுப்பும் வெப்பத் தாங்குதிறனும் உள்ள டெஃப்லானில் பிஸ்டன் கடையலாமே? நல்ல யோசனைதான். ஆனால் விரிவு எண்ணைப் பாருங்கள். ஒரு டிகிரிக்குப் பித்தளை மீட்டருக்கு 0.019 மி.மீ. விரியும், டெஃப்லான் ஏறத்தாழ 0.12 மி.மீ. விரியும். அறை வெப்பநிலையிலிருந்து 70 டிகிரி உயரும்போது, 50 மி.மீ. பித்தளைச் சிலிண்டரின் துளை 0.07 மி.மீ. பெருக்கும். 50 மி.மீ. டெஃப்லான் பிஸ்டனோ 0.42 மி.மீ. பெருக்கும். குளிர்ந்த நிலையில் கச்சிதமாகப் பொருந்திய பிஸ்டன், வேலை செய்யும் நேரத்தில் இறுகிச் சிக்கிக்கொள்ளும். ஆகவே அதை முன்கூட்டியே 0.35 மி.மீ.க்கு மேல் சிறிதாகக் கடைய வேண்டும். மீதி இடைவெளியைக் கிண்ண வாஷர் அடைத்துக்கொள்ளும். வெப்பத்தில் வேலை செய்யும் பாகத்தை வெப்பத்தை எண்ணித்தான் அளக்க வேண்டும்.

உலோகத்தைத் தேர்வதிலும் கவனம் தேவை. லேத்தில் எளிதாகக் கடைய உதவும் பித்தளைத் தண்டுகளில் ஏறத்தாழ 3 சதவீதம் ஈயம் சேர்ந்திருக்கும். ஈயம் நஞ்சு, குடிக்கும் நீர் படும் பாகத்துக்கு அது ஆகாது. ஈயம் குறைந்த பித்தளையோ, குரோமியமும் நிக்கலும் கலந்த துருப்பிடிக்காத எஃகோ நல்லது. செம்புக் கொதிகலனில் சாதாரண இரும்புத் திருகாணியைப் போட்டால், நீரின் துணையோடு இரண்டும் ஒரு மின்கலமாகி, இரும்பு விரைவில் அரிக்கப்படும். இன்னொரு எச்சரிக்கை: மிகப் பழைய இயந்திரங்களின் கேஸ்கட்டிலும் வெப்பக் காப்பிலும் கல்நார் இருக்கக்கூடும். அதைச் சுரண்டித் தூளாக்கினால் நுண்ணிய இழைகள் நுரையீரலுக்குள் போய் நோய் தரும். அதை அறிந்தவர்களிடம் விட்டுவிட வேண்டும்.

மலைமேல் ஒரு திருத்தம்

பாகங்களைப் பொருத்தி, கொதிகலனைச் சூடாக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டோம். கொல்லிமலையின் மேற்பகுதி 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1,200 மீட்டரில் வளிமண்டல அழுத்தம் சுமார் 0.88 பார். திறந்த பாத்திரத்தில் நீர் அங்கே 96 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

மூடிய கொதிகலனில்? அழுத்தமானி காட்டுவது உள்ளே இருக்கும் முழு அழுத்தம் அன்று. வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதையே அது காட்டும். முள் 1 பாரில் நின்றால், கடற்கரையில் உள்ளே மொத்தம் சுமார் 2 பார். வெப்பநிலை 120 டிகிரி. மலைமேல் அதே முள் அதே இடத்தில் நின்றாலும் உள்ளே 1.88 பார்தான், வெப்பநிலை 118 டிகிரி. அதே சூடு வேண்டுமென்றால், மலையில் முள் 1.12 பாரைக் காட்ட வேண்டும். இந்தத் திருத்தம் கொதிகலனின் வேலை அளவுக்கு உட்பட்டதாகவே இருக்க வேண்டும்.

செய்யக் கூடாத பாகங்கள்

எல்லாப் பாகங்களையும் செய்துவிடலாமா? கூடாது. 20 செ.மீ. விட்டமுள்ள கொதிகலனின் மூடியை 1 பார் அழுத்தம் தள்ளும் விசை சுமார் 3,140 நியூட்டன். 320 கிலோ எடை. இந்த அழுத்தம் மிஞ்சாமல் காப்பது பாதுகாப்பு வால்வு. அதை ஒருபோதும் பட்டறையில் செய்யக் கூடாது. சோதித்துச் சான்றளிக்கப்பட்டதையே வாங்கிப் பொருத்த வேண்டும். வாஷரைத் தவறாகச் செய்தால் கசிவு கண்ணுக்குத் தெரியும். வால்வைத் தவறாகச் செய்தால், அது தேவைப்படும் அந்த ஒரு நாள் வரை தவறு தெரியவே தெரியாது.

செப்பனிட்ட கொதிகலனைக் காற்றடைத்துச் சோதிப்பதும் தவறு. குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு வரை ஏற்றிப் பார்ப்பார்கள். ஏன் நீர்? காற்று அழுத்தினால் சுருங்கி ஆற்றலைச் சேமிக்கும், உடைந்தால் வெடிக்கும். நீர் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. விரிசல் விட்டால் கொஞ்சம் நீர் பீச்சும். அழுத்தம் உடனே இறங்கிவிடும்.

இன்று முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றைக் கொண்டு கைப்பிடிக் குமிழ், பாதம், தட்டு முதலியவற்றைச் செய்யலாம். உலோகத்தில் கடைவதற்கு முன் ஒரு மாதிரியை அச்சிட்டுப் பொருத்திப் பார்ப்பது மிகச் சிறந்த பயன். ஆனால் அவற்றில் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கும். வெந்நீரும் அழுத்தமும் உள்ள இடத்தில் அதற்கு வேலை இல்லை.

இப்போது கடைசல்காரரின் கேள்விக்குத் திரும்புவோம். "என்ன அளவு?" விடை பழைய பாகத்தில் பாதிதான் இருக்கிறது. மீதி, அது அமர்ந்த பள்ளத்திலும், அது தாங்கும் விசையிலும், அது வேலை செய்யும் வெப்பத்திலும் இருக்கிறது. பாகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பவர் அதன் தேய்மானத்தைச் செய்வார். என்ன வேலை செய்கிறது என்று கேட்பவர் பாகத்தைச் செய்வார்.

செய்து பாருங்கள்

1. பழைய சைக்கிள் பம்பைப் பிரித்துத் தோல் வாஷரின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அதைத் திருப்பி வைத்துக் காற்றடிக்க முயலுங்கள். நடப்பதை விளக்குங்கள்.

2. தேய்ந்த கதவுக் கீலின் ஊசி ஒன்றைத் திருகு அளவியால் மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் அளந்து அட்டவணையிடுங்கள். புதிதாக இருந்தபோது அதன் விட்டம் என்னவாக இருந்திருக்கும்?

3. வீட்டுக் குழாயின் மரையில் பத்துப் புரிகளின் நீளத்தை அளந்து, புரியிடைத் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை புரிகள் என்று கணக்கிடுங்கள். விட்வொர்த்தை உங்கள் வீட்டிலேயே சந்திக்கலாம்!